பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தது யார்?

அத்தியாயம் 6

"அம்மிணி, ஒரு சந்தேகம். நாம துப்பறியப் போறமா, தேன்கூடு அழிக்கப் போறமா?"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து குருமூர்த்தி இப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. வண்டியை ஓட்டிய தனப்பிரியா கண் மட்டும் தெரியும்படி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, பின்னால் இறுக்கி முடிந்திருந்தாள்.

"புழுதி அண்ணா."

"புழுதியா? மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. நீங்க கனத்தை மூஞ்சியில கட்டிட்டு வாரீங்க."

தனப்பிரியா முன்னால் போன முட்டை லாரியை முந்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினாள். மனுஷன் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சரியான இடத்தில் குத்திவிட்டாரே!

நாமக்கல்லில் டயர் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது தனப்பிரியாவின் துப்பறியும் அலுவலகம். குருமூர்த்தி அங்கே ஒரே உதவியாளர். போர்வெல் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி, இடுப்பு வலியோடு திரும்பி வந்தவர். "பாறைக்கடியில தண்ணியையே கண்டுபுடிச்சவன், தரை மேல ஆளைக் கண்டுபுடிக்க மாட்டனா?" என்று சொல்லித்தான் வேலைக்கே சேர்ந்தார்.

அந்த மாடிப்படியில்தான் காலையில் மூச்சு வாங்க ஏறி வந்தாள் சின்னாயி. ஓடைமேட்டுச் சங்கத்தின் தலைவி. நல்ல உயரம், நடுவயது, தூக்கமில்லாத கண்.

"என்ற ஊட்டுல பூட்டு தொங்குச்சாமுங்க," என்றாள். "நான் பூட்டலீங்க சாமி. எங்க ஓடைமேட்டுல பூட்டுங்கறதே கெடையாதுங்க."

ஓடைமேடு என்பது லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டிய புறம்போக்கில் எழும்பிய குடியிருப்பு. பட்டா இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் கணக்கெடுக்க வந்தவர்கள், பூட்டியிருந்த வீடுகளை எல்லாம் 'ஆளில்லை' என்று குறித்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போனவர்களின் வீடுகள் அவை. அந்த வீடுகள் மட்டும் இடிபட்டன. அன்றைக்கு ஓடைமேடு இரண்டு முடிவு எடுத்தது. ஒன்று, இனி எந்தக் கதவிலும் பூட்டு தொங்காது. யார் வெளியூர் போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து வீட்டைக் காக்க வேண்டும். இரண்டாவது, பட்டா கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கட்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம். தனியாகப் போய் யாரும் எதுவும் வாங்கக் கூடாது.

சின்னாயியின் புருஷன் சின்னுசாமி காலில் அறுவை சிகிச்சைக்காக சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் அங்கே போயிருந்த சமயம் பார்த்து, பட்டாவுக்காக வீடு வீடாகப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அத்தனை வீடும் திறந்திருக்க, தலைவி வீட்டில் மட்டும் பூட்டு!

"வெங்கடாசலம் கட்டுன அடுக்குமாடியில எனக்கு மட்டும் ஊடு எழுதியாச்சாம். நான் பூட்டிப்போட்டு ஓடிட்டனாம். ஊரே பேசுதுங்க," என்று சின்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னிக்குச் சாயங்காலம் தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. சார் மறுக்கா வாராரு. அக்கம்பக்கத்துல எல்லாரும் ஒரே வாயா 'இது சின்னாயி ஊடு'ன்னு சொன்னாத்தான் என்னைச் சேர்ப்பாராம். ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க. என்ற ஊடு போனாக்கூடப் பொறுத்துக்குவேன். நானே வித்துட்டேன்னு ஆயிருச்சுன்னா அப்பறம் ஒவ்வொருத்தரா வெங்கடாசலத்துகிட்டப் போயிருவாங்க. ஓடைமேடு நிக்காதுங்க சாமி."

சின்னாயி சொன்னதில் பாதி தனப்பிரியாவுக்கு முன்பே தெரியும். அந்த ஓடை ஓரத்தை வளைத்து குடோன் கட்டத் துடிக்கும் வெங்கடாசலம் போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அவங்களைப் பிரிக்கவே முடியலையே, எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னு பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருந்தார். தனப்பிரியா கேஸ் அடுப்புப் பழுது பார்க்கும் பெண்ணாக வேஷம் கட்டிக்கொண்டு, தொப்பியும் மாஸ்க்குமாக ஓடைமேட்டுக்குப் போனாள். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கறந்துகொண்டு வந்து ஒப்பித்துவிட்டாள். தலைவி யார், பூட்டில்லாத கதவு, காவல் முறை, எல்லாம். பரமத்தி வேலூரில் வாழைத்தார்த் திருடனுக்காகக் காத்துக் கிடந்த குருமூர்த்திக்கு இந்தச் சங்கதி தெரியாது.

'பத்து நிஜம் வேணும்னா ஒரு பொய்யைத் தூவு' என்பது தனப்பிரியாவின் தொழில் மந்திரம். குருமூர்த்திக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கேட்டதற்குத் தகவல் சொல்வது ஒரு குற்றமா என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தவளுக்கு இன்று நிம்மதி போய்விட்டது. சின்னாயியிடம் உண்மையைச் சொல்ல தைரியம் வரவில்லை. முடியாது என்று அனுப்பவும் மனசு வரவில்லை. வேலையை எடுத்துக்கொண்டாள்.

*

ஓடைமேட்டு முகப்பிலேயே பெரியசாமி வழிமறித்தார். சங்கத்தில் சின்னாயிக்கு அடுத்த ஆள் அவர்தான். பட்டறையில் வெல்டர்.

"பூட்டுனவளே பூட்டுனது யாருன்னு கண்டுபுடிக்க ஆள் கூட்டிட்டு வாராளாக்கும்?"

"ஏனுங்க, அவங்க பூட்டியிருந்தா எங்களுக்கு எதுக்குங்க இந்த வெயில்ல வேலை?" என்றார் குருமூர்த்தி. "பூட்டு எங்கீங்க?"

பெரியசாமி முணுமுணுத்துக்கொண்டே அறுத்தெடுத்த பூட்டைக் கொண்டுவந்து காட்டினார். தடித்த பூட்டு. பித்தளைச் சாவித்துளைக்கு மேல் ஒரு சின்ன மூடி.

"லாரி டீசல் டேங்குப் பூட்டு!" குருமூர்த்தி ஒரு நொடி சந்தோஷப்பட்டார். அடுத்த நொடி உதட்டைப் பிதுக்கினார். "நாமக்கல்லுல டேங்குப் பூட்டை வெச்சு ஆளைத் தேடறதும், கோழிப்பண்ணையில இறகை வெச்சுக் கோழியைத் தேடறதும் ஒண்ணுதான். இந்த ஊட்டுக் கதவுல பூட்டில்லைன்னாலும் ஊர் லாரிக்கெல்லாம் பூட்டு மாட்டறது இந்தப் பட்டறை ஆளுங்கதானே அம்மிணி."

அதிகாரிகள் வந்த அன்று சின்னாயியின் வீட்டைக் காக்க உட்கார்ந்திருந்தவள் அடுத்த வீட்டு சுகன்யா. இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். புருஷன் கலையரசன் லாரி டிரைவர், வடக்கே போயிருக்கிறான். அவளைப் பார்த்ததும் தனப்பிரியா துப்பட்டாவைக் கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள். அன்றைக்குக் குழாயடியில் வாய் ஓயாமல் பேசிய பெண் இவள்தான்.

"காலையில கொழாயில தண்ணி வந்துருச்சுங்க. ஊட்டை உட்டுட்டுக் கொடத்தை எடுத்துட்டு ஓடிட்டேன். மொதக் கொடத்தோட திரும்பி வரங்காட்டி பூட்டு தொங்குச்சுங்க. ஆபீசருங்க பார்த்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் சுகன்யா தரையைப் பார்த்தபடி.

"யாராவது வெளியாள் வந்தாங்களா?"

"நான் பார்க்கலீங்க."

குருமூர்த்தி தனப்பிரியாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "இதுக்கு மண்டையைப் போட்டு உடைக்கோணுமா? வெங்கடாசலத்தோட ஆளு. இந்த ஊர்ல பூட்டினா என்ன ஆகும்னு எவனோ போட்டுக் குடுத்திருக்கறான். அந்த ஆளு தண்ணி நேரம் பார்த்து வந்து மாட்டிட்டுப் போயிட்டான். போட்டுக் குடுத்தவன் கையில கெடைச்சான்னா..."

"ம்," என்றாள் தனப்பிரியா. அவர் சொல்வது நிஜமாக இருந்தால் போட்டுக் கொடுத்தது அவள்தான். நிஜமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பெரியசாமியிடம் போனாள்.

"அதிகாரிங்க அன்னிக்குப் போட்டோ எடுத்திருப்பாங்களே?"

"எங்க சங்கத்து வாட்ஸப்புக்கே அனுப்பியிருக்கறாங்க. பாருங்க, எங்க தலைவி லட்சணத்தை."

போனில் படம் பளிச்சென்று இருந்தது. மூடிய கதவு. சங்கிலியில் பூட்டு. தனப்பிரியா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கதவை விட்டு ஓரத்துக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இங்க பாருங்க. என்ன தெரியுது?"

"பூட்டு."

"அதுக்குப் பக்கத்துல?"

"நீல டிரம்மு."

"டிரம்முல?"

"தண்ணி. தளும்பத் தளும்ப இருக்குது. மேல வேட்டித் துணி கட்டியிருக்குது, அது கூட ஈரமா..." குருமூர்த்தியின் வாய் அப்படியே நின்றது. "அட! பூட்ட வந்தவன் எதுக்குங்க தண்ணி புடிச்சு வெச்சுட்டுப் போறான்? நானா இருந்தா ஆளில்லாத ஊடுன்னு தெரியட்டும்னு டிரம்மைக் கவுத்துட்டில்ல போயிருப்பேன்?"

தனப்பிரியா பெரியசாமி பக்கம் திரும்பினாள். "ஆள் ஊர்ல இல்லாதப்ப அவங்க டிரம்மை யாருங்க நெறைப்பாங்க?"

"காவல் இருக்கறவங்கதான். வேற எவனும் தொட மாட்டான். தண்ணி வந்தா மொதல்ல அந்த ஊட்டு டிரம்மு, அப்பறம்தான் தன்னுது. அது எங்க வழக்கமுங்க." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். படத்தை வாங்கி மறுபடி பார்த்தார்.

தனப்பிரியா அவருக்கு விளக்கம் சொல்ல நிற்கவில்லை. அதிகாரிகள் போன பிறகுதான் திரும்பி வந்ததாக சுகன்யா சொல்கிறாள். அதிகாரிகள் எடுத்த படத்திலோ டிரம் நிரம்பி, துணியும் கட்டியாகிவிட்டது. அவள் முன்பே வந்திருக்கிறாள்.

*

"வெளியாள் பூட்டியிருந்தா அந்த டிரம் காலியா இருந்திருக்கும் சுகன்யா," என்றாள் தனப்பிரியா.

சுகன்யாவின் வீட்டுக்குள் மூன்று பேர் உட்காரத்தான் இடம் இருந்தது. குழந்தை தூளியில் தூங்கியது. சேலைத் தலைப்பை முறுக்கிய சுகன்யா உடைந்துவிட்டாள்.

"பண்ணிப்போட்டனுங்க. நான்தானுங்க பண்ணிப்போட்டேன். அவர் பையில கெடந்த பூட்டு. ஆபீசருங்க முகப்புக்கு வந்துட்டாங்கன்னு சத்தம் கேட்டுதுங்க. எனக்கு அப்படியே பத்திட்டு வந்துச்சு. எடுத்து மாட்டிட்டேன்."

"மாட்டுனது சரி. தண்ணியை ஏன் தாயி புடிச்சே?" குருமூர்த்தியால் அதைத் தாங்க முடியவில்லை. "பூட்டையும் போட்டுட்டு, குடிக்கத் தண்ணியும் வெச்சுட்டு... இதென்ன தண்டனையா, விருந்தாளி உபசாரமா?"

"பூட்டறதுக்கு முன்னாடியே புடிச்சுட்டனுங்க. பூட்டுன பொறவு அதைக் கொட்டக் கை வரலீங்க. நாளைக்கு வந்து எதைக் குடிப்பாங்க?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எம் பிரசவத்துக்கு என்னை ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போனவங்க அந்த அக்கா. அவங்களே எங்களை வித்துப்போட்டு தனியாப் போறாங்கன்னா வயிறு எரியாதுங்களா?"

"வித்தாங்கன்னு யாரு சொன்னா?" இதைக் கேட்டதும் குருமூர்த்திதான். தனப்பிரியா கேட்கவில்லை. அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"போன மாசம் கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண ஒரு பொம்பளை வந்துச்சுங்க. தொப்பி, மாஸ்க்கு எல்லாம் போட்டுட்டு. அது சொல்லுச்சு, 'உங்க சின்னாயிக்கு மட்டும் அந்த அடுக்குமாடியில கீழ் ஊடு எழுதியாச்சாமே, உங்களுக்கெல்லாம் இல்லையா?'ன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துல எங்க கதையெல்லாம் அதுகிட்டக் கொட்டிட்டேன். பொறவு கொழாயடியில நாலு பேர்கிட்டச் சொன்னேன். அவங்க நாப்பது பேர்கிட்டச் சொன்னாங்க."

குருமூர்த்தி முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "புடிச்சாச்சு அம்மிணி! சூத்திரதாரி அவதான். இந்தப் பொண்ணு சும்மா பொம்மைதான். அந்த அடுப்புக்காரிக்கு மட்டும் சோத்துல உப்பு போட்டுத் திங்கற பழக்கம் இருந்திருந்தா இப்படி ஒரு வேலை பண்ணியிருப்பாளா? நாமக்கல் பூரா சல்லடை போட்டாவது..."

"வேண்டாம் அண்ணா," என்றாள் தனப்பிரியா.

துப்பட்டா முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஒரு வழியாக அவிழ்த்து மடியில் போட்டாள். சுகன்யா அவள் கண்ணைப் பார்த்தாள், பிறகு குரலையும் சேர்த்து யோசித்தாள். அவள் வாய் லேசாகத் திறந்தது.

"நான்தான் அந்த அடுப்புக்காரி. வெங்கடாசலத்துக்காக வந்தேன்."

"அம்மிணி..." எழுந்து நின்ற குருமூர்த்தி திரும்ப உட்கார்ந்தார்.

"அந்தப் பொய்யை வெங்கடாசலம் சொல்லச் சொல்லலை. நீ வாயைத் திறக்க மாட்டேன்னியே, கோவப்பட்டா பேசுவேன்னு அந்த நிமிஷத்துல நானா கட்டுனது. வேலை முடிஞ்சுது, போயிட்டேன். அது இங்கேயே கெடந்து முளைக்கும்னு எனக்குத் தோணவே இல்லை சுகன்யா. தோணியிருக்கணும்."

சுகன்யா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தனப்பிரியாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ அக்கா ஒண்ணுமே வாங்கலீங்களா?"

"ஒண்ணும் வாங்கலை."

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் சுகன்யா. "எம் பக்கத்து ஊடு. செவுத்தைத் தட்டுனாக் கேக்கும். ஒரு வார்த்தை கேக்கலையே நானு." தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டது.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது.

*

சின்னாயி தன் வீட்டு வாசலில் தனியாக நின்றிருந்தாள். ஓடைமேடு முழுக்க சுற்றிலும் கூடியிருந்தது. ஆனாலும் அவள் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஆர்.ஐ. கதவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல யாரு குடியிருக்காங்க?"

ஒருவரும் பேசவில்லை. பெரியசாமி செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனப்பிரியாவின் மடியில் பாம்பு போலச் சுருண்டு கிடந்த யோசனை ஒன்று உண்டு. நைசாக சுகன்யாவை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பூட்டியவள் அகப்பட்டாள், துப்பு துலங்கியது, தொழிலும் பிழைத்தது. யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு கணம் யோசித்தாள் என்பதை மறைப்பானேன், யோசித்தாள். பிறகு அந்த யோசனையே அவளுக்குக் குமட்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், இங்கே நடந்ததுக்குக் காரணம் நான். சின்னாயி அம்மா தனியா வீடு வாங்கிட்டாங்கன்னு இந்த ஊர்ல மொதல்ல சொன்னது நான்தான். அது பொய். இவங்களைப் பத்தித் துப்பு எடுக்கறதுக்காகச் சொன்னேன்."

"யாரு அனுப்பினா?" என்று யாரோ கத்தினார்கள்.

"வெங்கடாசலம்."

கூட்டம் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கியது. பெரியசாமி கையை ஓங்கிக்கொண்டே வந்தார். குருமூர்த்தி குறுக்கே போய் நின்றார். "அடிங்க. ஆனா ஆர்.ஐ. போன பொறவு அடிங்க. இப்ப அவங்க சொல்றதை முழுசாச் சொல்லட்டும்," என்றார். குரலில் கிண்டல் துளியும் இல்லை.

"நீங்க சொல்றதை உங்க பேர் போட்டு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

எழுதிக் கொடுத்த பிறகு டயர் கடை மாடிப்படியில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள். கட்சிக்காரர் பெயரை வெளியில் சொன்ன துப்பறிவாளரை யார் நம்புவார்கள்? தனப்பிரியாவுக்கு அது தெரியும்.

"கொடுக்கறேன் சார்."

"பூட்டு மாட்டுனது நானுங்க!" குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகன்யா ஓடி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "அக்கா மேல எந்தத் தப்பும் இல்லீங்க. அது சின்னாயி அக்கா ஊடு. நான் இங்க வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அவங்க ஊடுதானுங்க!"

பெரியசாமி ஓங்கிய கையை இறக்கினார். மெல்ல நடந்து போய் சின்னாயியின் வலப்பக்கம் நின்றார். "சின்னாயி ஊடுதானுங்க சார்," என்றார். "எழுதுனா இதையும் சேர்த்து எழுதுங்க. இல்லைன்னா எங்க யாரு ஊட்டையும் எழுத வேண்டாம்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் போனார். அப்புறம் மூன்று பெண்கள். கொஞ்ச நேரத்தில் கதவே தெரியாத அளவுக்கு ஆள் நிறைந்துவிட்டது. ஆர்.ஐ. பேனாவை எடுத்தார்.

ஜீப் போன பிறகு சின்னாயி தனப்பிரியாவைத் தேடிக்கொண்டு வந்தாள். சுகன்யா தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க," என்றாள் தனப்பிரியா.

"ஊடு கெடைச்சுது. நீ வாயைத் தொறக்காட்டிக் கெடைச்சிருக்காது. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் சின்னாயி. கோபமே இல்லாத குரல். "நாளைக்கு நான் மறுக்கா சேலம் போகோணும். இந்த சுகன்யாவைத்தான் உக்கார வெச்சுட்டுப் போவேன். வேற யாரையும் வெக்க மாட்டேன். ஆனா சாமி, இத்தன வருசமா பஸ் ஏறுனா ஊட்டு நெனப்பே எனக்கு வந்ததில்ல. நாளைக்கு வரும். சேலம் போற வரைக்கும் வரும். இவளைச் சந்தேகப்படறமேன்னு எனக்கு அசிங்கமா இருக்கும், ஆனாலும் வரும். நீதான் எல்லாத்தையும் கண்டுபுடிக்கறவளாச்சே. அந்த நெனப்பு எப்பப் போகும்னு கண்டுபுடிச்சுச் சொல்லு."

சின்னாயி பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தாள். அப்புறம் திரும்பி சுகன்யா இருந்த பக்கம் நடந்து போனாள்.